வெள்ளிக்கிழமை மேகம்

1

இந்தக் கதைக்குக் காரணம் ஒரு சிறுபத்திரிகை ஆசிரியர். போன ஆண்டு என்னிடம் ஒரு கதை வாங்கிப் போட்டார். இந்த ஆண்டு சிறப்பிதழுக்கு மறுபடியும் கேட்டார். கேட்கும்போதே நிபந்தனை வைத்தார்.

"போன வாட்டி ஒரே அழுகையா இருந்துச்சுங்க. சந்தாதாரருங்க லெட்டர் போட்டுட்டாங்க. இந்த வாட்டி மழையைப் பத்தி எழுதுங்க. கொஞ்சம் ஜாலியா."

எங்கள் மாவட்டத்தில் மழையைப் பற்றி ஜாலியாக எழுத ஒரே வழி, பெய்யாத மழையைப் பற்றி எழுதுவது. செயற்கை மழைத் திட்டம் ஒன்றில் வேலை பார்த்தவரை எனக்குத் தெரியும். அவர் சொன்னதில் பாதியை வைத்துக்கொண்டு மீதியை நான் சேர்த்தேன். எது எந்தப் பாதி என்று கேட்காதீர்கள், எனக்கே

(இந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. "எனக்கே மறந்துவிட்டது" என்று முடிப்பது வழக்கம். எனக்கு மறக்கவில்லை.)

முதல் தொடக்கம்: "வானம் இருண்டது." அடித்துவிட்டேன். இருளவில்லை.

இரண்டாவது தொடக்கம்: "குளிர்கால மலைப்புயல் மேகங்களில் எவ்வளவு திரவநீர் இருக்கிறது என்று மதிப்பிடும் கலையை வளவன் வேங்கிக்காலில், ஒரு வாடகை வீட்டின் பின்கட்டு அறையில், மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து கற்றுக்கொண்டான்." இதில் பொய் எதுவும் இல்லை. ஆகவே யாரும் நம்ப மாட்டீர்கள். இதையே வைத்துக்கொள்கிறேன்.

2

ஆண்டு, இரண்டாயிரத்தைத் தாண்டிய ஏதோ ஒரு வறட்சி ஆண்டு. எது என்று சொன்னால் யாராவது மழைக் கணக்கை எடுத்துப் பார்த்து ஆசிரியருக்கு எழுதுவார்கள். அவருக்கு ஏற்கெனவே கடிதங்கள் ஜாஸ்தி.

ஒரு தனியார் கம்பெனி மேகத்தில் மருந்து தூவி மழை வரவழைக்கும் வேலையை எடுத்திருந்தது. அவர்களிடம் இருந்த முறை பனிமலை நாடுகளில் உருவானது. அங்கே குளிர்காலத்தில் ஈரக்காற்று மலைமேல் ஏறும், குளிரும், மேகமாகும். எங்களிடம் மலை இருக்கிறது. கார்த்திகை, மார்கழி என்று குளிர்காலம் இருக்கிறது. வங்காள விரிகுடாவில் ஆண்டுக்கு ஒரு புயலாவது சின்னம் காட்டுகிறது. மூன்றையும் சேர்த்தால் "குளிர்கால மலைப்புயல்" என்று எங்கோ ஒருவர் விண்ணப்பத்தில் எழுதினார், இன்னொருவர் கையெழுத்துப் போட்டார். அந்த மலை அருணாசலேஸ்வரரின் நெருப்பு மலை என்றும், மார்கழியிலும் பகலில் பாறையில் கால் வைக்க முடியாது என்றும் விண்ணப்பத்தில் கேட்கவில்லை. கேட்காததைச் சொல்வது மரபில்லை.

கொஞ்சம் பாடம் நடத்த வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

பூஜ்யம் டிகிரிக்குக் கீழே குளிர்ந்த பிறகும் உறையாமல் நீராகவே நிற்கும் துளிகள் மேகத்தில் உண்டு. உறைவதற்கு அவற்றுக்கு ஒரு சாக்கு வேண்டும். வெள்ளி அயோடைடு துகள் அந்தச் சாக்கு. விமானத்தில் போய்த் தூவினால் துளி உறையும், பருக்கும், விழும், வழியில் உருகி மழையாகும். தூவுவதற்கு முன்னால் அந்த மேகத்தில் அப்படிப்பட்ட நீர் இருக்கிறதா என்று தெரிய வேண்டும். இல்லாத மேகத்தில் தூவுவது காலி அண்டாவில் உப்புப் போடுவது.

அதற்கு ஒரு கருவி வந்தது. பெயர் ரேடியோமீட்டர். ஆபீசில் எல்லோரும் "பொட்டி" என்றார்கள். மொட்டை மாடியில் மல்லாந்து படுத்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். மேல்பக்கம் அதன் முகம், ஒரு வெள்ளைத் தகடு. மேகத்தில் உள்ள நீர், கண்ணுக்குத் தெரியாத மெல்லிய அலையாகத் தன் சூட்டை வெளியே விடும். பொட்டி அந்த அலையை வாங்கிக்கொண்டு, "மேகத்தை மொத்தமாகப் பிழிந்து தரையில் பரப்பினால் இத்தனை மில்லிமீட்டர் நிற்கும்" என்று ஒரு மதிப்பைச் சொல்லும். நல்ல மேகம் என்றால் பாயின்ட் நாலு. தோசையைவிட மெலிசு. ஆனால் மேகம் நகர நகரப் புதுநீர் சேர்ந்துகொண்டே இருக்கும் என்பதால் அந்த மெலிசே போதும்.

பனி நாடுகளில் அந்தத் தகட்டில் பனி தங்கினால் கணக்குக் கெட்டுவிடும். ஊதித் தள்ள ஒரு விசிறி தனியாக விற்கிறார்கள். திட்டத்துக்குத் தலைவரான ராமகிருஷ்ணன் சார் அதை வாங்கவில்லை.

"இங்க எங்கய்யா பனி?" என்றார்.

நியாயமான கேள்வி.

3

வளவனைப் பற்றி எனக்குச் சந்தேகங்கள் உண்டு. இயற்பியலில் முதுகலை. தனியார் கல்லூரி ஒன்றில் பாடம் நடத்திக்கொண்டிருந்தவன் அதை விட்டுவிட்டு இங்கே வந்து ஒரு கோடு ஏறுவதையும் இறங்குவதையும் திரையில் பார்த்துக்கொண்டு ஏன் உட்கார வேண்டும்? மாணவர்கள் கேள்வி கேட்பார்கள், கோடு கேட்காது. வேறு காரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

முதல் வரைவில் அவன் மனைவி தென்றல் உயிரோடு இருந்தாள். ஆபீசுக்கு ஒருநாள் வருவதாக எழுதினேன்.

தென்றல் படியேறி வந்து, டிபன் பாக்சை

தென்றல் படியேறி வந்து

தென்றல்

இதற்குமேல் நகரவில்லை. உயிரோடு இருக்கிற மனைவி டிபன் பாக்சைக் கொடுத்துவிட்டு என்ன பேசுவாள் என்று எனக்கு நினைவில்லை. ஏதோ பேசுவாள் என்பது மட்டும் தெரியும். ஆகவே இரண்டாவது வரைவில் அவளை இறக்கவிட்டேன். காய்ச்சல், வேலூர், ஒரு வாரம். ஒரே வரி. எழுதுவதற்கு எவ்வளவு சுலபம் பாருங்கள்.

(ஆசிரியர் கவனத்துக்கு: இந்தப் பகுதியில் அழுகை இல்லை.)

(வாசகர் கவனத்துக்கு: குளிர்ந்தும் உறையாமல் நிற்கும் நீரைக் கொண்டுபோய் மனைவி இறந்தவனோடு ஒப்பிட்டிருப்பீர்கள். நான் அப்படிச் செய்யவில்லை. நீங்களாகச் செய்தது, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.)

4

தென்றல் போய்விட்டாள், அவள் அப்பா மட்டும் கதையில் நின்றுவிட்டார். பெயர் சகாதேவன். தண்டராம்பட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு ஊரில் விவசாயம். சாத்தனூர் அணை கூப்பிடு தூரம், ஆனால் வாய்க்கால் அவர் நிலத்துக்குக் கீழே போகிறது. அவருடையது மேட்டுக் கொல்லை, வானம் பார்த்த நிலம். கிணற்றில் பாறை தெரிந்து வெகுகாலம் ஆகிறது. அந்தக் கொல்லையைக் கல்யாணத்தின்போது தென்றலுக்கென்று சொல்லிவிட்டார். அவள் போன பிறகும் பேச்சை மாற்றவில்லை. "உங்க கொல்லை" என்றுதான் மருமகனிடம் சொல்வார்.

அவரிடம் ஒரு மூட்டை விதை மல்லாட்டை இருந்தது. நிலக்கடலையை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். ஊரில் மற்றவர்கள் விதையை விற்றார்கள், சிலர் வறுத்துத் தின்றார்கள். இவர் தொடவில்லை. தோலோடு இருக்கும்வரை விதை அடுத்த பட்டத்துக்குத் தாங்கும். தோலை உடைத்துவிட்டால் சில நாள்தான் தாங்கும். அதற்குள் மண்ணில் போட வேண்டும், போட்ட பிறகு மழை வர வேண்டும். வராவிட்டால் எறும்புக்கு விருந்து. பிறகு விதையும் இல்லை, வாங்க வழியும் இல்லை, கொல்லை தரிசு.

ஆகவே அவர் வெள்ளிக்கிழமைதோறும் தண்டராம்பட்டு பஸ் ஸ்டாண்டுக்கு வந்து, ஒரு ரூபாய் போன் பெட்டியில் காசு போட்டு ஆபீசுக்குப் பேசுவார்.

"மாப்பிள்ளை."

"சொல்லுங்க மாமா."

"சாப்ட்டீங்களா?"

"ஆச்சு."

அதற்குப் பிறகு கொஞ்சம் மௌனம். இரண்டு பேருக்கும் பொதுவாக இருந்த ஒரே பேச்சு போய்விட்டதால் மௌனத்துக்கும் காசு போட வேண்டியிருந்தது.

"மேகத்துல தண்ணி இருக்குதா?"

"இல்ல மாமா."

"கம்மியாவாச்சும்?"

"கம்மியாவும் இல்ல."

"மேல பார்த்தா வெள்ளையா, பொதபொதன்னு நிக்குதே."

"பார்க்க அப்படித்தான் இருக்கும். உள்ள ஒண்ணும் இருக்காது."

"எங்க ஊர் தலைவர் மாதிரின்னு சொல்லுங்க."

பெட்டி கீச்சிடும். அடுத்த வெள்ளி வரை அவ்வளவுதான்.

5

ஆயுத பூசைக்குப் பிறகு வந்த வெள்ளிக்கிழமை, காலை ஆபீஸ் திறந்து கொஞ்ச நேரத்தில், தரையோடு தரையாகப் படுத்திருந்த கோடு எழுந்து பாயின்ட் நாலில் போய் நின்றது. அன்று முழுக்க நின்றது. சனிக்கிழமை மெல்ல இறங்கிப் பழையபடி படுத்துக்கொண்டது. வளவன் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவன் அப்போது எதையுமே பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

அடுத்த வெள்ளியும் அதே போல எழுந்தது.

ராமகிருஷ்ணன் சார் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "பாயின்ட் நாலு. பார்த்தியா? போனை எடு. பத்தரைக்கு ராகு காலம், அதுக்குள்ள பிளேன் ஏறிடணும்."

சென்னையிலிருந்து விமானம் ராகு காலத்துக்கு முன்பே ஏறியது. ஜவ்வாது மலைக்கும் எங்கள் மலைக்கும் நடுவில் இருந்த மேகங்களில் தூவியது. ஆம்பூர்ப் பக்கம் யாரோ தலையில் ஒரு சொட்டு விழுந்ததாகத் தகவல் வந்தது. சார் அதை அறிக்கையில் சேர்த்தார்.

"சார், வெள்ளிக்கிழமைல மட்டும் ஏறுது" என்றான் வளவன்.

சார் யோசித்தார். வானிலை இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்றவர், அவசரப்பட்டு எதையும் சொல்ல மாட்டார்.

"வெள்ளிக்கிழமை கோயில்ல அபிஷேகம் ஜாஸ்தி. அந்த ஆவி மேல போவுதோ என்னமோ."

இதை நான் கற்பனை செய்ததாக நினைப்பீர்கள். இது அந்த இன்னொரு பாதி.

மூன்றாவது வெள்ளி, ஐப்பசி மாதம். கோடு உச்சியில் நின்றது. முந்தைய இரண்டு வெள்ளியும் பஸ் ஸ்டாண்டுப் பெட்டி பழுதாகிக் கிடந்ததால் அடிக்காத போன், அன்று அடித்தது.

"மாப்பிள்ளை. சாப்ட்டீங்களா?"

"ஆச்சு மாமா."

"மேகத்துல தண்ணி இருக்குதா?"

வளவன் திரையைப் பார்த்தான். எதிரில் இருப்பதைச் சொல்வதற்குத்தான் சம்பளம்.

"இருக்குது மாமா."

அந்தப் பக்கம் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே போனது.

"என்னா சொன்னீங்க?"

"இருக்குதுன்னேன். பாயின்ட் நாலு."

"நாலுன்னா ஜாஸ்தியா?"

"நம்ம ஊருக்கு ஜாஸ்தி."

"இருக்குதுன்னு ஒரு பேச்சு உங்க வாயில வந்து எவ்ளோ நாளாச்சு மாப்பிள்ளை. உங்க அத்தை கேட்டா சந்தோசப்படுவா. போன வாரமே ஏர் ஓட்டி வெச்சிட்டேன். ஞாயித்துக்கெழம உடைக்க உக்காந்துடறோம். புதங்கெழம புழுதியில வெதச்சிட்டா, மழை வந்து அதுவா எழுப்பிடும்."

"மாமா, அது ஒரு மதிப்புதான், அப்படியே"

பெட்டி கீச்சிட்டு அறுந்தது. அவரைத் திருப்பிக் கூப்பிட எண் கிடையாது.

6

சனிக்கிழமை கோடு இறங்கத் தொடங்கியது. போன இரண்டு முறையும் இறங்கியதுதான். ஆனால் அந்த இரண்டு முறையும் அதை நம்பி யாரும் மூட்டையை அவிழ்க்கவில்லை. வளவன் எழுந்து, அதுவரை ஏறியே இராத இரும்பு ஏணியில் ஏறினான்.

(கதாநாயகன் இத்தனை நாள் ஏன் மேலே போகவில்லை என்று கேட்கலாம். கம்பி வழியாக எண் கீழே வந்துவிடுகிறதே, எதற்குப் போக வேண்டும்? படித்தவன் அப்படித்தான் செய்வான். நானும் போயிருக்க மாட்டேன்.)

பொட்டியின் வெள்ளை முகத்தில் மூன்று விரலால் இழுத்த விபூதிப் பட்டை. நடுவில் உள்ளங்கை அகலத்துக்குச் சந்தனம், அதன்மேல் குங்குமம். சந்தனம் ஓரத்தில் காய்ந்து வெடித்திருந்தது, நடுவில் இன்னும் ஈரம். தலைமாட்டில் ஒரு முழம் கதம்பம்.

கீழே எட்டிப் பார்த்து, கம்ப்யூட்டர் ஆபரேட்டர் அருணாதேவியைக் கூப்பிட்டான். அவள் ஏணியடியில் வந்து நின்றாள்.

"இது யார் வெச்சது?"

"நான்தான் சார். ஆயுத பூசைக்கு எல்லா மிஷினுக்கும் வெச்சோமே. அப்போலேர்ந்து வெள்ளிக்கெழமைல வெக்கிறேன். ஜெராக்ஸ் மிஷின், யூபிஎஸ், சாரோட ஜீப்பு, எல்லாத்துக்கும் வெச்சிட்டு இதை மட்டும் விட்டா நல்லாவா இருக்கும்?"

"நேரா தகட்டுலயே வெச்சிருக்கீங்களே."

"மூஞ்சி எதுவோ அங்கதான சார் வெப்பாங்க. முதுகுலயா வெப்பாங்க?"

அவன் கைக்குட்டையால் துடைத்தான்.

"உள்ள போய் திரையைப் பாருங்க. எவ்ளோ காட்டுது?"

உள்ளேயிருந்து குரல் வந்தது. "பாயின்ட் ஜீரோ ரெண்டு சார்."

கதம்பத்தோடு இருந்த கிண்ணத்தில் மிச்சச் சந்தனம் இருந்தது. தண்ணீர் விட்டுக் குழைத்துப் பூசினான்.

"இப்போ?"

"ஏறுது சார். பாயின்ட் மூணு. பாயின்ட் நாலு." பிறகு ஜன்னலில் தலை தெரிந்தது. "சார், மழை வருமா?"

மேகத்தின் சூடு என்று நினைத்துப் பொட்டி தன் நெற்றியில் இருந்த ஈரச் சந்தனத்தின் சூட்டைப் படித்துக்கொண்டிருந்தது. எங்கள் ஊரில் முதன்முதலாக ஒரு கருவி துல்லியமாக வேலை செய்திருக்கிறது. அருணாசலேஸ்வரருக்கு ஒரு கும்பிடு.

ராமகிருஷ்ணன் சார் வீட்டுக்குப் போய்ச் சொன்னான். அவர் கேட்டுக்கொண்டே வெற்றிலை போட்டார்.

"பூசையை நிறுத்துங்கன்னு நான் சொல்லட்டுமா? நீ சொல்றியா?"

இரண்டு பேரும் சொல்லப்போவதில்லை என்று இரண்டு பேருக்கும் தெரிந்தது.

"ஒண்ணு செய். வெள்ளிக்கிழமைல வர்ற மதிப்புல கொஞ்சம் கழிச்சுக்கோ. சந்தனத்துக்கு ஒரு திருத்தம் போட்டுடு."

"எவ்ளோ சார்?"

"எவ்ளோ பூசுவான்னு அவளைக் கேட்டுக்கோ."

"அப்போ பறந்த பிளேன்?"

"அது பறந்துடுச்சுப்பா."

சார் அதோடு முடித்துக்கொண்டார். வளவனால் முடியவில்லை. புதன்கிழமைக்கு ஒரு திருத்தம் இருக்கிறதா என்று யோசித்துக்கொண்டே திரும்பினான்.

7

இனி முடிவு. என்னிடம் மூன்று இருக்கின்றன.

முதல் முடிவு. வளவன் போய் உண்மையைச் சொல்கிறான். சகாதேவன் விதையை மூட்டையிலேயே விட்டுவிடுகிறார். வியாழக்கிழமை புயல் வந்து ஊரெல்லாம் வெள்ளம். விஞ்ஞானத்தைக் கேலி செய்யப் பிடித்தவர்களுக்கு இது.

இரண்டாவது. வளவன் சொல்லவில்லை. அவர் விதைக்கிறார். மழை வரவில்லை, எறும்பு வருகிறது. போன ஆண்டு என் கதை பிடித்தவர்களுக்கு இது.

மூன்றாவது. வளவன் சொல்லவில்லை, மழை பெய்கிறது. கொல்லை பச்சையாகிறது. பொட்டிக்குத் தினசரி பூசை. ஆசிரியரிடம் போனில் சொன்னேன், "இதுதான் ஜாலியா இருக்குது, இதையே போடுங்க" என்றார். எழுதிப் பார்த்தேன். மழை இரண்டு பக்கம் பெய்தது. சகாதேவன் நனைந்துகொண்டே கொல்லையில் நின்று மகளைக் கூப்

கிழித்துவிட்டேன். நான் பெய்ய வைத்த மழை அது. ஆம்பூர்ச் சொட்டுக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

ஆகவே வளவனை ஞாயிற்றுக்கிழமை காலை தண்டராம்பட்டு பஸ்ஸில் ஏற்றி அனுப்புகிறேன். அது வரைக்கும் எனக்குத் தெரியும்.

8

அவன் போனபோது வாசலில் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்தார்கள். சகாதேவனும் அவர் மனைவி காசியம்மாளும். மூட்டையில் பாதி குறைந்திருந்தது. ஒரு பக்கம் தோல் குவியல், இன்னொரு பக்கம் முறத்தில் சிவந்த பருப்பு.

"வாங்க மாப்பிள்ளை" என்றார் சகாதேவன், எழுந்திருக்காமல். கையில் வேலை இருந்தது. "சொல்லியிருந்தா பஸ் ஸ்டாண்டுக்கு வந்திருப்பேனே."

"எப்படிச் சொல்லுவாரு? உங்களுக்கு போன் ஆபீஸ் வெச்சிருக்குதா?" என்றாள் காசியம்மாள். வளவனைப் பார்த்து, "உக்காருங்க. இளைச்சிட்டீங்க" என்றாள். அவன் உட்கார இடம் விட்டு நகர்ந்தாள். நகர்ந்த இடத்துக்குக் கூடவே மல்லாட்டையையும் ஒரு கை தள்ளிவிட்டாள்.

"அவரு வந்த காலோட வேலை குடுக்கிறியா?"

"உங்க கொல்லைக்கா வெதைக்கிறோம்? அவரு கொல்லைக்குத்தான."

வளவன் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தான். மேலே வெள்ளை மேகம் நின்றது, பொதபொதவென்று. ஒன்றை எடுத்துக் கட்டைவிரலால் அழுத்தினான். உடைந்து, உள்ளே இரண்டு பருப்பு. முறத்தில் போட்டான். அடுத்ததை எடுத்தான், உடைக்காமல் வைத்துக்கொண்டான்.

"மாமா."

"சொல்லுங்க."

சகாதேவன் நிமிர்ந்து பார்த்தார். அவர் முகம் நேற்று சவரம் செய்தது போல இருந்தது. புதன்கிழமைக்காக இருக்கலாம்.

"என்னா, மேகத்துல இன்னிக்கும் தண்ணி இருக்குதுதான?"

இதற்கு வளவன் சொல்ல வேண்டிய பதிலை எழுத இந்தப் பக்கத்தில் இடம் விட்டிருக்கிறேன். நான் எழுதப்போவதில்லை. "இல்லை" என்றால், தன் வாயிலிருந்து அந்த மனிதர் கேட்க ஆசைப்பட்ட ஒரே சொல்லைத் திருப்பி வாங்கியவன் ஆவான், உடைத்த பாதி வீணாகும், மீதிப் பாதி தப்பிக்கும். "இருக்குது" என்றால் மொத்தமும் மண்ணுக்குப் போகும். மழை வருமா என்பது பொட்டிக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நீங்கள் நல்ல வாசகர், நிதானமாக யோசித்து ஒன்றைச் சொல்வீர்கள் என்று நம்புகிறேன்.

ரொம்ப நிதானம் வேண்டாம். நீங்கள் யோசிக்கும்போதும் காசியம்மாள் கை நிற்காது. ஒன்று உடைத்தாள். இன்னொன்று எடுத்திருக்கிறாள்.